பண்பின் வகை ஏன் தவறாக வருகிறது? ரிஃப்ளெக்ஷன் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

ஓர் ஆப்ஜெக்ட்டில் என்னென்ன பண்புகள் (ப்ராப்பர்ட்டிகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை நிரல் ஓடும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள உதவுவது ரிஃப்ளெக்ஷன். சி ஷார்ப்பில் அதற்கு ஒரு வரி போதும்: 'பொருள்.கெட்டைப்().கெட்ப்ராப்பர்ட்டீஸ்()'. வரி சிறியதுதான், ஆனால் அது தரும் பதிலைத் தவறாகப் படிக்க ஏராளமான வழிகள் உண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் டாட்நெட்டை, அதாவது சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளத்தை, வைத்தே போகிறது. உங்கள் திரையில் தெரியும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிவிட வேண்டாம்.

## முதல் வேலை: நான்கு தகவல்களை அச்சிடுங்கள்

"இந்தப் பண்பின் வகை என்ன?" என்பது ஒரே கேள்வி போலத் தோன்றும். அதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கிளாஸில் அந்தப் பண்பை எந்த வகையாக அறிவித்திருக்கிறார்கள்? இந்த நேரத்தில் அதில் இருக்கும் மதிப்பு எந்த வகை? அறிவித்த வகை வெறும் உறையாக இருந்தால் அதற்குள் இருப்பது எது? ஒன்றைக் கேட்டுவிட்டு, வந்த பதிலை இன்னொன்றின் பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் இந்தத் துறையின் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

ஆகவே எதையும் திருத்தும் முன், ஒவ்வொரு பண்புக்கும் நான்கு தகவல்களை ஒரே வரியில் அச்சிடுங்கள்: பண்பின் பெயர், அது எந்தக் கிளாஸில் அறிவிக்கப்பட்டது ('டிக்ளேரிங்டைப்'), அறிவித்த வகை ('ப்ராப்பர்ட்டிடைப்'), மதிப்பின் நடப்பு வகை ('கெட்வேல்யூ(பொருள்)?.கெட்டைப்()'). 'ஊழியர்' என்ற கிளாஸில் 'பெயர்' ஸ்ட்ரிங்காகவும், 'வயது' இன்ட்? (மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய முழு எண்) ஆகவும், 'கூடுதல்' ஆப்ஜெக்ட்டாகவும் இருக்கிறது என்று வையுங்கள். 'வயது' 41, 'கூடுதல்' ஒரு சொற்றொடர். வெளியீடு இப்படி வரும்:

பெயர் | ஊழியர் | சிஸ்டம்.ஸ்ட்ரிங் | சிஸ்டம்.ஸ்ட்ரிங்
வயது | ஊழியர் | சிஸ்டம்.நல்லபிள்`1[சிஸ்டம்.இன்ட்32] | சிஸ்டம்.இன்ட்32
கூடுதல் | ஊழியர் | சிஸ்டம்.ஆப்ஜெக்ட் | சிஸ்டம்.ஸ்ட்ரிங்

மூன்றாவது நெடுவரிசையும் நான்காவது நெடுவரிசையும் எங்கே மாறுபடுகின்றன என்று பாருங்கள். உங்கள் பிழை பெரும்பாலும் அந்த வரியில்தான் ஒளிந்திருக்கும். வகையை அச்சிடும்போது 'நேம்' போதாது. 'நேம்' கேட்டால் வெறும் 'நல்லபிள்`1' என்று மட்டும் வந்து உள்ளே இருப்பது மறைந்துவிடும். 'ஃபுல்நேம்' உள்ளே இருக்கும் வகையின் அசெம்பிளி (கம்பைல் செய்த நிரல் கோப்பு), அதன் பதிப்பு எண் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டும். 'டூஸ்ட்ரிங்()' இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்கு இதமாக இருக்கும்.

## பட்டியல் காலியாக வருகிறது, அல்லது சில பண்புகளைக் காணவில்லை

அடிக்கடி வரும் புகார் இதுதான். காரணங்களும் பல.

'பைண்டிங்ஃபிளாக்ஸ்' (எந்தப் பண்புகள் வேண்டும் என்று சொல்லும் கொடிகள்) கொடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். எதுவும் கொடுக்காமல் 'கெட்ப்ராப்பர்ட்டீஸ்()' என்று அழைத்தால் பப்ளிக் பண்புகள் எல்லாம் வரும், ஸ்டாட்டிக்கும் சேர்த்து. ஒரு கொடியைக் கொடுத்துவிட்டால் அந்த இயல்பான அமைப்பு முழுவதும் கைவிடப்படுகிறது. 'பைண்டிங்ஃபிளாக்ஸ்.பப்ளிக்' மட்டும் கொடுத்தால் காலியான பட்டியல்தான் கிடைக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. 'இன்ஸ்டன்ஸ்' அல்லது 'ஸ்டாட்டிக்' இரண்டில் ஒன்று, 'பப்ளிக்' அல்லது 'நான்பப்ளிக்' இரண்டில் ஒன்று என இரு தரப்பிலிருந்தும் குறைந்தது ஒரு கொடி வேண்டும். பெயரில் எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டாம் என்று 'கெட்ப்ராப்பர்ட்டி(பெயர், இக்னோர்கேஸ்)' எழுதுபவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அவர்களுக்குப் பண்பு கிடைக்காமல் நல் (எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) வருகிறது. 'இக்னோர்கேஸ் | பப்ளிக் | இன்ஸ்டன்ஸ்' என்று எழுதினால் சரியாகிவிடும். அதேபோல் 'நான்பப்ளிக் | இன்ஸ்டன்ஸ்' கேட்டால் மறைவான பண்புகள் மட்டுமே வரும், பப்ளிக் பண்புகள் வராது.

கொடிகள் சரியாக இருந்தும் காலியாக வந்தால், நீங்கள் தேடுவது பண்பே இல்லாமல் ஃபீல்டாக இருக்கலாம். 'கெட்', 'செட்' இல்லாமல் 'பப்ளிக் இன்ட் வயது;' என்று எழுதியது ஃபீல்டு. அதை 'கெட்ஃபீல்ட்ஸ்()' தான் தரும். அடைப்புக்குறிக்குள் எழுதும் டியூப்பிள்களும் இந்தக் கணக்கில் வருகின்றன: வேல்யூடியூப்பிளின் 'ஐட்டம்1', 'ஐட்டம்2' ஃபீல்டுகள், பழைய டியூப்பிள் கிளாஸில் அதே பெயர்கள் பண்புகள். நீங்கள் ஆசையாக வைத்த 'பெயர்', 'வயது' போன்ற டியூப்பிள் பெயர்கள் இயக்க நேரத்தில் அந்த ஆப்ஜெக்ட்டில் இல்லவே இல்லை. கம்பைலர் அவற்றை 'ஐட்டம்1' ஆக மாற்றிவிட்டது.

2023-இல் டாட்நெட் 8 உடன் வந்த சி ஷார்ப் 12 இன்னொரு குழப்பத்தைச் சேர்த்திருக்கிறது. கிளாஸின் தலைப்பிலேயே 'கிளாஸ் ஊழியர்(ஸ்ட்ரிங் பெயர்)' என்று எழுதும் வசதி அதில் வந்தது. தரவுக்கென்றே உள்ள ரெக்கார்டு வகையில் இப்படி எழுதினால் 'பெயர்' என்ற பண்பு தானாக உருவாகும். கிளாஸில் உருவாகாது. அங்கே அது வெறும் பாராமீட்டர் மட்டுமே. ரெக்கார்டைக் கிளாஸாக மாற்றிய அன்று பட்டியல் காலியானால் காரணம் இதுதான். பண்பை நீங்களே அறிவிக்க வேண்டும்.

அடுத்து, யாரிடம் வகை கேட்கிறீர்கள் என்று பாருங்கள். 'அச்சிடு<டி>(டி பொருள்)' என்ற ஜெனரிக் மெத்தடில் 'டைப்ஆஃப்(டி)' எழுதினால், அழைப்பவர் எந்த வகையாகக் கொடுத்தாரோ அந்த வகைதான் வரும். அவர் மாறியை அடிப்படைக் கிளாஸாக அறிவித்திருந்தால், அதிலிருந்து பிறந்த கிளாஸில் சேர்த்த பண்புகள் எதுவும் தெரியாது. 'பொருள்.கெட்டைப்()' கேட்டால் உண்மையான கிளாஸ் வரும். இரண்டும் சரியான பதில்களே. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். சேமிப்பு, பதிவு போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் தேவைப்படும் என்பது என் கருத்து.

அடிப்படைக் கிளாஸின் பிரைவேட் பண்புகள் 'நான்பப்ளிக்' கொடுத்தாலும் வராது. 'பேஸ்டைப்' வழியாக ஒவ்வொரு படியாக மேலே ஏறி, ஒவ்வொரு படியிலும் 'டிக்ளேர்டுஒன்லி' கொடியோடு கேட்க வேண்டும். அடிப்படைக் கிளாஸின் பப்ளிக் ஸ்டாட்டிக் பண்புகளுக்கு 'ஃபிளாட்டன்ஹையரார்க்கி' வேண்டும். இன்டர்ஃபேஸிடம் கேட்கும்போது விதி வேறு: ஓர் இன்டர்ஃபேஸ் இன்னொன்றிலிருந்து பிறந்திருந்தாலும், 'கெட்ப்ராப்பர்ட்டீஸ்()' அதிலேயே எழுதியவற்றை மட்டுமே தரும். 'கெட்இன்டர்ஃபேசஸ்()' எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்பாண்டோஆப்ஜெக்ட்டில் பண்புகளைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. நீங்கள் சேர்த்தவை அதற்குள் அகராதியாகவே இருக்கின்றன. அதை 'ஐடிக்ஷனரி<ஸ்ட்ரிங், ஆப்ஜெக்ட்>' ஆக மாற்றி, சாவிகளைப் படித்து, ஒவ்வொரு மதிப்பிடமும் 'கெட்டைப்()' கேளுங்கள். அங்கே அறிவித்த வகை என்ற ஒன்றே கிடையாது.

## எல்லாப் பண்புக்கும் 'ரன்டைம்ப்ராப்பர்ட்டிஇன்ஃபோ' என்றே வருகிறது

நீங்கள் 'பண்பு.கெட்டைப்()' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பண்பைப் பற்றிய விவரக்குறிப்பின் வகை, பண்பின் வகை அல்ல. 'பண்பு.ப்ராப்பர்ட்டிடைப்' என்று மாற்றுங்கள்.

## ஒப்பீடு ஒருபோதும் மெய்யாவதில்லை

'இஃப் (பண்பு.ப்ராப்பர்ட்டிடைப் இஸ் ஸ்ட்ரிங்)' என்ற வரி ஒருநாளும் மெய்யாகாது. இடப்பக்கம் இருப்பது டைப் என்ற ஆப்ஜெக்ட். அது எப்படி ஸ்ட்ரிங்காக இருக்கும்? கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தருகிறது, அதை அணைத்து வைத்திருந்தால் திறந்து பாருங்கள். '== டைப்ஆஃப்(ஸ்ட்ரிங்)' என்று எழுதுங்கள். பெயரை வைத்து ஒப்பிடுபவர்களும் ஏமாறுகிறார்கள். 'நேம்' தருவது 'இன்ட்32', 'சிங்கிள்', 'பூலியன்'. நீங்கள் எழுதும் 'இன்ட்', 'ஃபுளோட்', 'பூல்' எல்லாம் சி ஷார்ப்பின் சுருக்கப் பெயர்கள் மட்டுமே.

ஒரு வகை இன்னொன்றிலிருந்து பிறந்ததா என்று கேட்கும் 'ஐஸ்அசைனபிள்ஃபிரம்' எல்லோரையும் ஒருமுறையாவது திசை தவற வைக்கும். 'டைப்ஆஃப்(அடிப்படை).ஐஸ்அசைனபிள்ஃபிரம்(டைப்ஆஃப்(பிறந்தது))' என்பதுதான் மெய். டாட்நெட் 5 முதல் 'ஐஸ்அசைனபிள்டூ' இருக்கிறது. அதில் பிறந்தது முன்னால் வருவதால் படிக்கும் வரிசையும் பொருளும் ஒத்துப்போகும். புதிதாக எழுதுபவர்கள் இதையே பயன்படுத்துங்கள்.

அபூர்வமாக, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் சமமில்லை என்று வரும். ஒரே அசெம்பிளி இரண்டு 'அசெம்பிளிலோட்கான்டெக்ஸ்ட்'களில் ஏறியிருந்தால் இப்படி ஆகும். பிளக்இன் அமைப்புகளில் இது சகஜம். இரு பக்கத்துக்கும் 'அசெம்பிளிலோட்கான்டெக்ஸ்ட்.கெட்லோட்கான்டெக்ஸ்ட்(வகை.அசெம்பிளி)' அச்சிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். பொதுவான இன்டர்ஃபேஸ்கள் இருக்கும் அசெம்பிளியை ஒரே இடத்திலிருந்து ஏற்றுவதுதான் தீர்வு.

## வகை 'நல்லபிள்`1' என்று வருகிறது, இன்ட் என்று நினைத்த இடம் உடைகிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே மூன்று கேள்விகளும் ஒரே பண்பில் சந்திக்கின்றன.

'இன்ட்?' என்று அறிவித்த பண்பின் 'ப்ராப்பர்ட்டிடைப்' நல்லபிள். அதே பண்பின் மதிப்பை 'கெட்வேல்யூ' மூலம் எடுத்தால் அது ஆப்ஜெக்ட்டாகப் பெட்டியில் அடைக்கப்படுகிறது (பாக்ஸிங்). நல்லபிளைப் பெட்டியில் அடைக்கும்போது உறை கழன்றுவிடும் என்பது இயக்கச் சூழலின் விதி. மதிப்பு இருந்தால் வெறும் இன்ட்32, இல்லாவிட்டால் வெறும் நல். ஆகவே எந்த மதிப்பிடமும் 'கெட்டைப்()' கேட்டு "இது நல்லபிளா" என்று ஒருபோதும் கண்டுபிடிக்க முடியாது. அறிவித்த வகையிடம்தான் கேட்க வேண்டும்: 'நல்லபிள்.கெட்அண்டர்லையிங்டைப்(பண்பு.ப்ராப்பர்ட்டிடைப்)'. நல்லபிளாக இருந்தால் உள்வகை வரும், இல்லாவிட்டால் நல் வரும்.

இதையே ஒரு பழக்கமாக்கிக்கொள்ளலாம். எந்தப் பண்பை ஆராய்ந்தாலும் முதல் வரி இப்படி இருக்கட்டும்:

உள்வகை = நல்லபிள்.கெட்அண்டர்லையிங்டைப்(அறிவித்தவகை) ?? அறிவித்தவகை

இதற்குப் பிறகு வரும் சோதனைகளை எல்லாம் 'உள்வகை' மீதே செய்யுங்கள். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈனம் (enum, பெயரிட்ட சில மதிப்புகளின் பட்டியலாக அமையும் வகை) நல்ல எடுத்துக்காட்டு. 'நிலை' என்ற பண்பு ஈனமாக இருந்தவரை 'ஐஸ்ஈனம்' மெய். யாரோ ஒரு கேள்விக்குறியைச் சேர்த்து அதை 'நிலை?' ஆக்கிய அன்று 'ஐஸ்ஈனம்' பொய்யாகிறது. திரையில் இருந்த தேர்வுப் பட்டியல் மறைந்து வெறும் எழுத்துப்பெட்டி வந்து நிற்கிறது. கம்பைலர் ஒன்றும் சொல்வதில்லை.

'ஐஸ்ப்ரிமிட்டிவ்' பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது நல்லபிளுக்குப் பொய். ஸ்ட்ரிங், டெசிமல், டேட்டைம், கைட் ஆகியவற்றுக்கும் பொய். "எளிய மதிப்பா, உள்ளே இறங்க வேண்டிய ஆப்ஜெக்ட்டா" என்று பிரிக்க அதை மட்டும் நம்பினால் டெசிமலுக்குள்ளும் இறங்கிவிடுவீர்கள். எளியவை எவை என்று நீங்களே ஒரு பட்டியல் வைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி.

'ஸ்ட்ரிங்?' என்பது வேறு கதை. அந்தக் கேள்விக்குறி புதிய வகை எதையும் உருவாக்குவதில்லை. 'ஸ்ட்ரிங்', 'ஸ்ட்ரிங்?' இரண்டுக்கும் 'ப்ராப்பர்ட்டிடைப்' ஒன்றுதான். வேறுபாடு குறிப்புகளாக மட்டும் பதிந்திருக்கும். அவற்றைக் கையால் படிக்க முயல வேண்டாம். டாட்நெட் 6 முதல் இதற்கென்றே 'நல்லபிலிட்டிஇன்ஃபோகான்டெக்ஸ்ட்' இருக்கிறது. அதன் 'கிரியேட்(பண்பு)' தரும் விடையில் 'ரீட்ஸ்டேட்', 'ரைட்ஸ்டேட்' இரண்டையும் பார்த்தால் அந்தப் பண்பு நல் தருமா, நல் ஏற்குமா என்று தனித்தனியாகத் தெரியும்.

## வகை 'ஆப்ஜெக்ட்' என்றோ, எதிர்பாராத பெயரிலோ வருகிறது

பண்பை ஆப்ஜெக்ட்டாகவோ டைனமிக்காகவோ அறிவித்திருந்தால் 'ப்ராப்பர்ட்டிடைப்' ஆப்ஜெக்ட் என்றே சொல்லும். டைனமிக் என்பது கம்பைலருக்கு மட்டும் தெரிந்த செய்தி. மதிப்பை எடுத்து அதனிடம் கேளுங்கள். மதிப்பு நல்லாக இருந்தால் நடப்பு வகை என்று ஒன்று இருக்காது. அப்போது 'கெட்டைப்()' நல் மீது விழுந்து உடையும். முதல் பகுதியில் கேள்விக்குறியும் புள்ளியும் சேர்த்து எழுதியதற்குக் காரணம் அதுதான்.

ஜேசனிலிருந்து படித்த தரவில் எண்ணோ ஸ்ட்ரிங்கோ எதிர்பார்த்த இடத்தில் 'ஜேசன்எலமென்ட்' என்று வந்தால் திகைக்க வேண்டாம். சிஸ்டம்.டெக்ஸ்ட்.ஜேசன் நூலகம், ஆப்ஜெக்ட் என்று அறிவித்த பண்புக்குள் வைப்பது அதைத்தான். அதன் 'வேல்யூகைண்ட்' பார்த்தால் எண்ணா, சொல்லா, பட்டியலா என்று தெரியும். பண்புக்குச் சரியான வகையை அறிவிக்க முடிந்தால் அதைவிடச் சிறந்த தீர்வு இல்லை.

தரவுத்தளத்திலிருந்து வந்த ஆப்ஜெக்ட்டின் வகைப் பெயரில் 'கேஸில்.ப்ராக்ஸீஸ்' என்று தெரிந்தால், பெரும்பாலும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்ற தரவுத்தள நூலகத்தின் சோம்பல் ஏற்றம் (தொடர்புடைய தரவைத் தேவைப்படும்போது மட்டும் எடுப்பது) இயங்குகிறது என்று பொருள். உங்கள் கிளாஸிலிருந்து பிறந்த ஒரு பதிலாள் கிளாஸ் இயக்க நேரத்தில் உருவாகியிருக்கிறது. '==' கொண்டு ஒப்பிடுவதை விட்டு 'ஐஸ்அசைனபிள்டூ' பயன்படுத்துங்கள். உங்கள் கிளாஸே வேண்டுமென்றால் 'பேஸ்டைப்' கேளுங்கள்.

## பட்டியல் வகைகளைப் பிரிக்கும்போது ஸ்ட்ரிங் எல்லாம் பட்டியலாகிறது

ஸ்ட்ரிங் எழுத்துகளின் தொகுப்பு. அது 'ஐஈனுமரபிள்<சார்>' ஐ நிறைவேற்றுகிறது. 'ஐஈனுமரபிள் ஆகுமா' என்று மட்டும் கேட்டால் ஆம் என்றுதான் வரும். ஸ்ட்ரிங்கை முதலிலேயே விலக்கிவிட்டுப் பிறகு கேளுங்கள்.

உறுப்பு வகை எது என்று கண்டுபிடிப்பது இதைவிட நுட்பமானது. 'டைப்ஆஃப்(ஐஈனுமரபிள்<>).ஐஸ்அசைனபிள்ஃபிரம்(டைப்ஆஃப்(லிஸ்ட்<இன்ட்>))' பொய் என்றே வரும். உள்ளீடு நிரப்பாத ஜெனரிக், நிரப்பிய ஜெனரிக் இரண்டும் வேறு வேறு. வரிசையாக மூன்று படி போகவேண்டும். அரேயாக இருந்தால் 'கெட்எலமென்ட்டைப்()'. அரே ஜெனரிக் அல்ல என்பதால் 'கெட்ஜெனரிக்ஆர்க்யுமென்ட்ஸ்()' அங்கே வெறுங்கையோடு திரும்பும். அடுத்து, பண்பின் வகையே 'ஐஈனுமரபிள்<இன்ட்>' ஆக இருக்கிறதா என்று 'கெட்ஜெனரிக்டைப்டெஃபினிஷன்()' மூலம் பாருங்கள். இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'கெட்இன்டர்ஃபேசஸ்()' ஓர் இன்டர்ஃபேஸிடம் கேட்கப்பட்டால் அந்த இன்டர்ஃபேஸையே பட்டியலில் சேர்க்காது. கடைசியாகத்தான் 'கெட்இன்டர்ஃபேசஸ்()' முழுவதும் தேடுங்கள். 'லிஸ்ட்<>' தானா என்று நேரடியாக ஒப்பிடும் குறுக்குவழி, யாராவது 'கிளாஸ் ஆணைகள் : லிஸ்ட்<ஆணை>' என்று எழுதியதும் உடைந்துவிடும்.

## 'கெட்வேல்யூ' எக்ஸெப்ஷன் வீசுகிறது

எந்த எக்ஸெப்ஷன் என்பதே பாதி விடை.

'டார்கெட்பாராமீட்டர்கவுண்ட்எக்ஸெப்ஷன்' வந்தால் இடையில் ஓர் இன்டெக்ஸர் சிக்கியிருக்கிறது. லிஸ்ட்டின் 'ஐட்டம்', ஸ்ட்ரிங்கின் 'சார்ஸ்' இரண்டும் இன்டெக்ஸர்கள். எந்த இடத்து மதிப்பு என்று சொல்லாமல் அவற்றைப் படிக்க முடியாது. 'கெட்இன்டெக்ஸ்பாராமீட்டர்ஸ்().லெங்த்' பூஜ்யமாக இருப்பவற்றை மட்டும் எடுங்கள்.

'டார்கெட்எக்ஸெப்ஷன்' என்றால் ஆப்ஜெக்ட் தவறு. ஒன்று, நல்லைக் கொடுத்திருக்கிறீர்கள். அல்லது ஒரு கிளாஸிலிருந்து எடுத்த பண்பை வேறொரு கிளாஸின் ஆப்ஜெக்ட்டிடம் கேட்கிறீர்கள். உள்ளடங்கிய ஆப்ஜெக்ட்டுகளில் சுழலும் நிரலில், உள் பண்புக்கு வெளி ஆப்ஜெக்ட்டைக் கொடுத்துவிடுவது வழக்கமான நழுவல்.

'டார்கெட்இன்வொகேஷன்எக்ஸெப்ஷன்' வந்தால் ரிஃப்ளெக்ஷனைக் குறை சொல்ல வேண்டாம். பண்பின் 'கெட்' பகுதிக்குள் இருக்கும் நிரல் உடைந்திருக்கிறது. உண்மையான காரணம் 'இன்னர்எக்ஸெப்ஷன்' உள்ளே இருக்கும். பதிவேட்டில் வெளி உறையின் செய்தியை மட்டும் எழுதிவிட்டு உள்ளே இருப்பதைத் தூக்கி எறியும் நிரல்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது. அடுத்து அதைத் திருத்த வருபவருக்குக் கையில் ஒரு தடயமும் இருக்காது. 'கெட்வேல்யூ' என்பது வெறுமனே பார்ப்பது அல்ல, அந்தப் பண்பின் நிரலை ஓட்டுவது என்பதையும் நினைவில் வையுங்கள். 'கெட்' பகுதி தரவுத்தளத்தைக் கேட்கும்படி எழுதியிருந்தால், பண்புகளைச் சும்மா பட்டியலிடும் உங்கள் சுழலும் தரவுத்தளத்தைக் கேட்கும். அறிவித்த வகை மட்டும் போதுமானால் மதிப்பைத் தொடவே தொடாதீர்கள்.

## உள்ளே உள்ளே இறங்கி நிரல் நிற்கவே இல்லை

ஆப்ஜெக்ட்டுக்குள் ஆப்ஜெக்ட்டாக எல்லாப் பண்புகளையும் அச்சிடும் மெத்தட், ஸ்டாக் நிரம்பி நிரலையே சாய்க்கிறது. டாட்நெட்டில் ஸ்டாக் நிரம்பியதை 'டிரை', 'கேட்ச்' கொண்டு பிடிக்க முடியாது. செயல்முறை அப்படியே நின்றுவிடும்.

மேலாளருக்கு ஊழியர், ஊழியருக்கு மேலாளர் என்று வட்டமிடும் இணைப்பை எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். ஏற்கெனவே பார்த்த ஆப்ஜெக்ட்டுகளை, டாட்நெட் 5-இல் வந்த 'ரெஃபரன்ஸ்ஈக்வாலிட்டிகம்பேரர்' கொடுத்த ஹேஷ்செட்டில் சேர்த்துக்கொண்டு போனால் அது தீரும். தீராமல் மிஞ்சுவது டேட்டைம். அதில் 'டேட்' என்ற பண்பு இருக்கிறது, அதன் வகையும் டேட்டைம். அதற்குள் இறங்கினால் இன்னொரு 'டேட்', அதற்குள் இன்னொன்று. ஹேஷ்செட் இங்கே உதவாது. டேட்டைம் ஸ்ட்ரக்ட் (மதிப்பாகவே நகலாகும் வகை) என்பதால் ஒவ்வொரு 'கெட்வேல்யூ' அழைப்பும் புதிய பெட்டி ஒன்றைத் தருகிறது, எந்தப் பெட்டியும் முன்பு பார்த்ததாக இருப்பதில்லை. டேட்டைமை எளிய மதிப்புப் பட்டியலில் சேர்த்து, அதோடு நின்றுவிடுவதுதான் வழி.

ரெக்கார்டுகளில் 'நான்பப்ளிக்' கொடியோடு இறங்குபவர்கள் வேறோர் இடத்தில் மாட்டுவார்கள். ஒவ்வொரு ரெக்கார்டு கிளாஸிலும் கம்பைலர் 'ஈக்வாலிட்டிகான்ட்ராக்ட்' என்ற மறைவான பண்பைச் சேர்க்கிறது. அதன் மதிப்பு ஒரு டைப் ஆப்ஜெக்ட். அதற்குள் இறங்கினால் அசெம்பிளி, மாட்யூல், பேஸ்டைப் என்று இயக்கச் சூழலின் உள்கட்டமைப்பு முழுவதையும் சுற்றத் தொடங்குவீர்கள். வழியில் 'ஜெனரிக்பாராமீட்டர்பொசிஷன்' போன்ற பண்புகள் எக்ஸெப்ஷனும் வீசும். டைப்பும் அதிலிருந்து பிறந்தவையும் வந்தால் திரும்பிவிடுங்கள்.

## 'செட்வேல்யூ' மறுக்கிறது, அல்லது எழுதியது ஒட்டவில்லை

ஸ்ட்ரிங் மதிப்பை இன்ட் பண்பில் வைத்தால் 'ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷன்' வரும். ரிஃப்ளெக்ஷன் உங்களுக்காக வகை மாற்றம் செய்யாது. சிறிய எண் வகையிலிருந்து பெரியதற்குப் போகும் இயல்பான விரிவு மட்டும் விதிவிலக்கு. லாங் பண்பு இன்ட் மதிப்பை ஏற்கும், டெசிமல் பண்பு ஏற்காது. 'கன்வெர்ட்.சேஞ்ச்டைப்' உதவும், ஆனால் அதற்கு நல்லபிளைக் கொடுத்தால் 'இன்வேலிட்காஸ்ட்எக்ஸெப்ஷன்' வரும். முன்பு சொன்ன 'உள்வகை'யைக் கொடுங்கள். ஸ்ட்ரிங்கிலிருந்து ஈனத்துக்கு 'ஈனம்.பார்ஸ்', கைட் போன்றவற்றுக்கு 'டைப்டிஸ்கிரிப்டர்.கெட்கன்வெர்ட்டர்(உள்வகை)'. எண்ணும் தேதியும் மாற்றும்போது 'கல்ச்சர்இன்ஃபோ.இன்வேரியன்ட்கல்ச்சர்' சேர்க்க மறக்காதீர்கள். தசமப் புள்ளி இடத்தில் காற்புள்ளி போடும் மொழி அமைப்புள்ள கணினியில் 1.5 வேறெதுவாகவோ மாறிவிடும்.

மிக ஆபத்தானது, எக்ஸெப்ஷனே வராதது. இன்ட் பண்பில் 'செட்வேல்யூ(பொருள், நல்)' எழுதினால் உடையும் என்றுதான் நினைப்போம். உடையாது, சத்தமில்லாமல் 0 அமர்ந்துவிடும். தகவல் இல்லை என்பதும் தகவல் 0 என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. நல்லபிள் அல்லாத ஸ்ட்ரக்ட் வகைக்கு நல் வந்தால் நீங்களே நிறுத்தி, நீங்களே எக்ஸெப்ஷன் வீசுங்கள்.

ஸ்ட்ரக்டில் எழுதியது ஒட்டாமல் போனால், நீங்கள் எழுதியது பெட்டியில் இருந்த நகலில். முதலில் 'புள்ளி' என்ற ஸ்ட்ரக்ட் மாறியை 'ஆப்ஜெக்ட் பெட்டி = புள்ளி' என்று அடைத்து, பெட்டியில் எழுதி, பிறகு '(புள்ளிவகை)பெட்டி' என்று பிரித்து மாறியில் திரும்ப வையுங்கள். கிளாஸுக்குள் இருக்கும் ஸ்ட்ரக்ட் பண்பானால் அந்தப் பண்பிலும் திரும்ப எழுத வேண்டும்.

'செட்' மெத்தட் இல்லை என்று வந்தால் 'கேன்ரைட்' பாருங்கள். பிரைவேட் செட்டுக்கும் 'கேன்ரைட்' மெய் என்றே வரும், எனவே பப்ளிக்கா என்று 'செட்மெத்தட்?.ஐஸ்பப்ளிக்' கேட்டு உறுதி செய்யுங்கள். அடிப்படைக் கிளாஸின் பிரைவேட் செட் மட்டும், பிறந்த கிளாஸ் வழியாகப் பார்த்தால் தெரியாது. 'டிக்ளேரிங்டைப்' எடுத்து அங்கிருந்து அதே பெயரில் பண்பைக் கேட்டால் தெரியும்.

## 'ஆம்பிகுவஸ்மேட்ச்எக்ஸெப்ஷன்'

பிறந்த கிளாஸ், அடிப்படைக் கிளாஸின் பண்பை 'நியூ' போட்டு வேறு வகையோடு மறைத்திருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு பண்புகள் இருப்பதால் 'கெட்ப்ராப்பர்ட்டி' முடிவெடுக்க மறுக்கிறது. 'டிக்ளேர்டுஒன்லி' கொடியோடு கேளுங்கள், கிடைக்காவிட்டால் 'பேஸ்டைப்' நோக்கி ஏறுங்கள்.

## பண்புகளின் வரிசை மாறுகிறது

டாட்நெட் 6 வரை வரிசைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டாட்நெட் 7 முதல் அசெம்பிளியில் பதிந்த வரிசையில் வருகிறது. ஆனால் கோப்பில் ஒருவர் இரு வரிகளை இடம் மாற்றினால் அதுவும் மாறும். நெடுவரிசைகளின் ஒழுங்கு முக்கியமானால், ஒவ்வொரு பண்பின் மீதும் வரிசை எண்ணை அட்ரிபியூட்டாக எழுதி அதன்படி அடுக்குங்கள்.

## என் கணினியில் சரி, வெளியிட்ட பதிப்பில் பண்புகள் இல்லை

ட்ரிம்மிங்கோ (தேவையற்ற நிரலைக் கத்தரிப்பது) நேட்டிவ் ஏஓடியோ (முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றுவது) இயங்கியிருக்கிறது. வெளியிடும் கருவி, யாரும் அழைக்காத பண்புகளைக் கத்தரித்துவிடுகிறது. ரிஃப்ளெக்ஷன் வழியாக அழைப்பது அதன் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிழைச் செய்தி இல்லாமல் பட்டியல் மட்டும் சுருங்குவதால் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

வெளியிடும்போது வரும் எச்சரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். 'பொருள்.கெட்டைப்().கெட்ப்ராப்பர்ட்டீஸ்()' வரிக்கு ஐஎல்2075, டைப் ஆப்ஜெக்ட்டைப் பாராமீட்டராக வாங்கும் மெத்தடுக்கு ஐஎல்2070, 'டைப்ஆஃப்(டி)' வரிக்கு ஐஎல்2090 என்று வந்திருக்கும். பின்னிரண்டுக்கும் அந்தப் பாராமீட்டரின் மீது 'டைனமிகலிஅக்சஸ்டுமெம்பர்ஸ்' அட்ரிபியூட்டை, பப்ளிக் பண்புகள் வேண்டும் என்ற குறிப்போடு வையுங்கள். அழைப்பவர் எந்த வகையைக் கொடுத்தாலும் அதன் பண்புகளைக் கருவி விட்டுவைக்கும். ஐஎல்2075-க்கு இந்த வழி எளிதில் பொருந்தாது. ஆப்ஜெக்ட்டின் நடப்பு வகை எதுவாகவும் இருக்கலாம் என்பதால் எதைக் காப்பாற்றுவது என்று கருவிக்குத் தெரியாது. ஜெனரிக் மெத்தடாக மாற்றி 'டைப்ஆஃப்(டி)' பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள். இது ஜேசனுக்காகச் செய்யும் வேலை என்றால் டாட்நெட் 6 முதல் இருக்கும் சோர்ஸ் ஜெனரேட்டருக்கு மாறிவிடலாம். அது கம்பைல் செய்யும்போதே பண்புகளைப் படித்து நிரலாக எழுதிவிடுகிறது.

எச்சரிக்கையை அடக்கும் அட்ரிபியூட்டைப் போட்டு வாயை மூடிவிடாதீர்கள். எச்சரிக்கை போய்விடும், கத்தரித்த பண்பு திரும்பி வராது. மாற்றம் செய்த பின், வெளியிட்ட பதிப்பையே ஓட்டி, முதல் பகுதியில் சொன்ன நான்கு நெடுவரிசை அச்சையும் எடுத்து, உங்கள் கணினியில் எடுத்த அச்சோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.